ஆசனமும் அறிவும்: யோகம் பள்ளிக்கூடம் புகுந்த வரலாறு

பாடசாலை நேரசூசியில் யோகாசனத்துக்கென வாரத்தில் இரண்டொரு பாடவேளை ஒதுக்கினால் என்ன என்று பெற்றார் பலர் இக்காலத்திற் கேட்கின்றனர். கேட்கும்போது அவர்கள் பிள்ளையின் முதுகெலும்பைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ விசாரிப்பதில்லை. மூளை கூர்மைப்படுமா, ஞாபகம் நிலைக்குமா, கணக்கிலே கவனம் ஊன்றுமா என்பனவே அவர்களது வினாக்கள். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தஞ் செய்யும் ஒருவர் அவ்வாறு கேட்பதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும், இவ்வினாவுக்கு விடை பகருமுன்னர், யோகம் எக்காலத்தில், எவர் கையால், எந்த நோக்கத்துடன் பள்ளிக்கூடத்தினுட் புகுந்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்ளல் நன்று. பலரும் நினைப்பதுபோல அது ஆயிரமாண்டுப் பழமை உடையதன்று. ஏறக்குறைய நூறாண்டுச் செய்தியே ஆகும்.

பழைய நூல்களை நோக்குவோம். பதஞ்சலியின் யோகசூத்திரம் யோகத்தைச் சித்தத்தின் அலைவுகளை அடக்குதல் என்று வரையறுக்கின்றது. ஆகவே மனத்துக்கும் யோகத்துக்கும் உள்ள உறவு தொடக்கத்திலேயே கூறப்பட்டதுதான். ஆனால் அந்நூலில் ஆசனத்துக்கு நேரே உரியவை மூன்று சூத்திரங்களே. உறுதியாகவும் சுகமாகவும் அமர்தல் என்பதற்கு மேல் அங்கே விரிவில்லை. தமிழில் திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்தார். அவர் கருதியது சிவனை அடையும் நெறியையே. 15ஆம் நூற்றாண்டளவிற் சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகையில் 15 ஆசனங்கள் விவரிக்கப்படுகின்றன. அவற்றைப் பயில்வோன் ஏகாந்தமான சிறு குடிலில் இருத்தல் வேண்டும் என்றும், வித்தையை மறைவாகக் காத்தல் வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. நாற்பது பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்துதல் அந்நூலாசிரியரின் கனவிலும் தோன்றியிராது. உபநயனம் பெற்ற அந்தணச் சிறுவர் சந்தியாவந்தனத்தின் அங்கமாக மூச்சை அடக்கப் பழகியது உண்மை. அது சடங்கு, யாவருக்கும் உரிய பாடமன்று.

அவ்வாறாயின் வரிசை எங்கிருந்து வந்தது? சுவீடன் தேசத்திலிருந்து வந்தது என்றால் நேயர்கள் வியப்பீர்கள். பேர் ஹென்றிக் லிங் என்பவர் 1813ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோம் நகரில் தேகப்பயிற்சிக்கென ஒரு நிலையம் நிறுவினார். கருவிகளின்றி, ஆணைக்கேற்பக் கூட்டமாகச் செய்யத்தக்க அசைவுகளை அவர் வகுத்தார். அம்முறை ஐரோப்பாவெங்கும் பரவியது. இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளிலும் இடம்பெற்றது. அங்கிருந்து ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் பள்ளிகளுக்கும் வந்தது. செலவில்லை, இடம் சிறிது போதும், ஒருவர் நூறு பேரை நடத்தலாம். கல்வி அதிகாரிகளுக்கு வேறென்ன வேண்டும்? பழைய தலைமுறையினர் நினைவில் இன்னும் இருக்கும் “லெப்ற், ரைற்” ட்றில் பயிற்சியும் இதனோடு உறவுடையதே. 1920ஆம் ஆண்டிற் சென்னையில் ஹரி குறோ பக் என்ற அமெரிக்கர் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் சார்பில் தேகாப்பியாச ஆசிரியர்களைப் பயிற்றுதற்கு ஒரு கல்லூரியைத் தொடங்கினார். இவ்வாறாக உடற்பயிற்சி ஆசிரியர் என்னும் புதிய தொழில் நம் அயலில் வேரூன்றிற்று.

இதற்கு எதிரொலி பாரத தேசத்தவரிடமிருந்து எழுந்தது. அடிமைப்பட்ட சாதி, உடல் வலிமை அற்ற சாதி என்று ஆட்சியாளர் கூறிய ஏச்சு அவர்களைச் சுட்டது. நமக்கென ஒரு தேகப்பயிற்சி இல்லையா என்று தேடியோர், மல்லர் கூடத்தையும் ஆசனத்தையும் ஒருசேரக் கண்டெடுத்தனர். மராட்டியப் பகுதியில் ஔந்து என்ற சிறு சமஸ்தானத்தின் அரசராகிய பவன்ராவ் பந்த் பிரதிநிதி, தாம் நாள்தோறும் செய்துவந்த சூரிய நமஸ்காரத்தைத் தம் நாட்டுப் பள்ளிகளிற் பயிலச் செய்தார். அரசர் விரும்பினால் நேரசூசி இலகுவில் மாறிவிடும் போலும்!

ஆயினும் யோகத்தைப் பள்ளிக்கு உரியதாக்கியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் சுவாமி குவலயானந்தர் என்பது என் கருத்து. 1883இற் பிறந்த இவரது இயற்பெயர் ஜகந்நாத் கணேஷ் குணே. பரோடாவில் மாணிக்ராவ் என்பவரிடம் தேகாப்பியாசம் பயின்றவர். பின்பு மாதவதாசர் என்ற யோகியிடம் யோகம் கற்றவர். இரண்டுக்கும் இடையிலும் பின்னரும் ஆசிரியத் தொழில் புரிந்தவர். ஆகவே வகுப்பறையின் இயல்பு அவருக்குத் தெரியும். 1924ஆம் ஆண்டில் லோனாவ்லா என்னும் மலையூரிற் கைவல்யதாமத்தை நிறுவி, அவ்வாண்டிலேயே யோக மீமாம்சை என்ற ஆராய்ச்சி ஏட்டையும் தொடங்கினார். வயிற்றை உள்ளிழுக்கும் உட்டியானம், நௌலி முதலிய பயிற்சிகளின்போது உடலினுள் நிகழ்வது யாது என்பதை எக்ஸ் கதிர்ப் படம் பிடித்தும், அழுத்தத்தை அளந்தும் பார்த்தார். குரு சொன்னார் என்று விடாமற் கருவி கொண்டு சோதித்த அவரது துணிவு போற்றத்தக்கது. 1930களில் அவர் பள்ளி மாணாக்கர் கூட்டமாகச் செய்தற்கேற்ற யோகப் பயிற்சி முறையொன்றையும் வகுத்து நூலாக்கினார். குடிலில் தனித்திருந்த வித்தை, ஆணைக்கும் எண்ணிக்கைக்கும் இயைந்து மைதானத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அவர் கருவிகள் அளந்தவை இரத்தமும் தசையும் மூச்சுமே. சிறுவன் சிந்திக்கும் திறத்தை அளக்கும் கருவி அவர் கூடத்தில் இருக்கவில்லை.

அதே காலத்தில் மைசூரில் மற்றோர் அரங்கு அமைந்தது. நான்காங் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1933ஆம் ஆண்டில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை ஒன்றை நடத்தத் தொடங்கினார். அரச குடும்பத்துச் சிறுவரும் பிறரும் அங்கே பயின்றனர். ஓர் ஆசனத்திலிருந்து மற்றோர் ஆசனத்துக்கு மூச்சோடு இயைந்து பாய்ந்து செல்லும் வேகமான முறை இளஞ் சிறுவருக்கு ஏற்றதாயிருந்தது. 1934இல் அவர் கன்னடத்தில் யோக மகரந்தம் என்ற நூலை வெளியிட்டார். இம்முறையில் மேனாட்டுத் தேகப்பயிற்சியின் சாயல் உண்டு என்று நோர்மன் சோமன் 1996இலும், மார்க் சிங்கிள்ரன் 2010இலும் நூலெழுதி வாதித்தனர். பரம்பரையினர் அதனை ஏற்பதில்லை. இமயத்துக் குருவிடம் பெற்றதே தம் ஆசிரியரின் வித்தை என்பர். இவ்வழக்கு முடிந்தபாடில்லை. பள்ளி அதிபர் ஒருவர் இதில் மத்தியஸ்தம் செய்யத் தேவையுமில்லை. அங்கும் கற்பிக்கப்பட்டது உடலின் ஒழுங்கும் உரமும் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

யோகத்தால் அறிவு கூர்மைப்படும் என்னும் எண்ணம் வேறொரு வாய்க்கால் வழியே வந்தது. 1896இல் சுவாமி விவேகானந்தரின் இராஜயோகம் என்ற நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி அவர் மேனாட்டிலிருந்து திரும்பிக் கொழும்புத் துறையில் இறங்கினார். பின்பு யாழ்ப்பாணமும் சென்றார். மனத்தை ஒருமுகப்படுத்தும் ஆற்றலே கல்வியின் சாரம் என்பது அவர் பன்முறை வற்புறுத்திய கருத்து. ஆசனங்களை அவர் பெரிதாக மதித்தவரல்லர் என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். பின்வந்தோர் அவர் மனத்தைப் பற்றிச் சொன்னதை எடுத்து, குவலயானந்தரும் கிருஷ்ணமாச்சாரியாரும் உடலுக்கு வகுத்ததன்மேல் ஏற்றிவிட்டனர். உடலை வளைத்தால் புத்தி வளரும் என்ற வாக்கியம் இந்தக் கலப்பிற் பிறந்தது.

இத்தகைய நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் இலக்கணத்தையும் கேத்திரகணிதத்தையும் கற்பிப்பதற்கு ஐரோப்பியர் நெடுங்காலம் கூறிய காரணமும் இதுவே. அவை பயன்படாவிடினும் மனத்துக்குத் தேகப்பயிற்சி போன்றவை. அங்கே பெற்ற கூர்மை எங்கும் உதவும் என்றனர். 1901ஆம் ஆண்டில் தோண்டைக்கு, வூட்வேர்த் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் இதனைச் சோதித்தனர். நீள்சதுரங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடச் சிலரைப் பயிற்றி, பின்பு வேறு உருவங்களை மதிப்பிடச் சொன்னார்கள். முன்பெற்ற திறமை பின்னதற்கு மிகச் சிறிதே கைகொடுத்தது. கற்றல் இடமாற்றம் என்று நாம் ஆசிரியர் கலாசாலையிற் படித்த அதிகாரத்தின் தோற்றுவாய் இதுவாகும். எதைப் பயின்றாலும் எல்லாம் வளரும் என்று சொல்வோரிடம், சான்று எங்கே என்று கேட்கும் உரிமையை அச்சோதனை ஆசிரியருக்குத் தந்தது.

யோகத்தைப் பற்றிய சான்றும் காலப்போக்கில் வந்தது. அதனைச் சற்று நின்று நோக்குவோம். 2001ஆம் ஆண்டில் மஞ்சுநாத், சேர்லி தெல்லெஸ் என்னும் பெங்களூர் ஆராய்ச்சியாளர் இருவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். விடுதிப் பாடசாலையொன்றிற் பயின்ற 10 முதல் 13 வயதுவரையான 20 சிறுமியரை இரு கூறாக்கினர். ஒரு கூறினர் ஒரு மாதம் நாள்தோறும் 75 நிமிடம் யோகம் பயின்றனர். மற்றவர் அதேயளவு நேரம் சாதாரண உடற்பயிற்சி செய்தனர். முன்னும் பின்னும் “இலண்டன் கோபுரம்” எனப்படும் புதிர் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. மூன்று முளைகளிற் செருகப்பட்ட நிறக் குண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டப்பட்ட ஒழுங்கிற் கொண்டுவருவதே புதிர். கை வைக்குமுன் மனத்திலே திட்டமிடல் வேண்டும். இல்லையேல் நகர்த்தல்கள் பெருகிவிடும். யோகம் பயின்ற சிறுமியர் சில படிநிலைகளில் முன்னைய நேரத்திற் பாதிக்கும் குறைவான நேரத்தில் திட்டமிட்டனர். உடற்பயிற்சிக் கூறினரிடம் மாற்றம் காணப்படவில்லை.

இவ்வளவோடு நிறுத்தினால் பெற்றாருக்கு மகிழ்ச்சியே. ஆனால் கூறு ஒன்றுக்குப் பத்துச் சிறுமியரே என்பதைக் கவனித்தல் வேண்டும். ஒரு வகுப்பில் ஒரு வாங்கிலே இருப்போரை மட்டும் எண்ணி முழுப் பாடசாலைக்கும் தீர்ப்புச் சொல்வது போன்றது அது. மேலும், நாள்தோறும் 75 நிமிடம் என்பது நமது பாடவேளைகள் இரண்டுக்குச் சற்றே குறைவு. வாரத்தில் இரண்டு பாடவேளை கேட்கும் பெற்றாரும், கொடுக்கத் தயங்கும் அதிபரும் இந்த எண்ணை மனத்திற் கொள்ளட்டும்.

அதே தெல்லெஸ் அம்மையார் பின்னாளில் ஹரித்துவாரத்திலிருந்து, வேறு துணைவர்களுடன் இன்னும் பெரியதொரு பரிசோதனையை நடத்தி 2013இல் வெளியிட்டார். இம்முறை 8 முதல் 13 வயதுவரையான 98 பிள்ளைகள், மூன்று மாதம், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 45 நிமிடம். பச்சை மையில் அச்சிட்ட சிவப்பு என்ற சொல்லைக் காட்டி, சொல்லை வாசிக்காது மையின் நிறத்தைச் சொல் என்று கேட்கும் சோதனை ஒன்றுண்டு. வாய் முந்துவதை மனம் தடுக்க வேண்டிய சோதனை அது. இதில் யோகக் கூறினரும் முன்னேறினர். உடற்பயிற்சிக் கூறினரும் முன்னேறினர். ஒரே சோதனையை இரண்டாம் முறை செய்வோர் சற்றுத் தேறுதல் இயல்பு. இரண்டுமின்றி இருந்த மூன்றாங் கூறு ஒன்று இல்லாமையால், முன்னேற்றத்தில் எவ்வளவு பயிற்சியால் வந்தது என்று பிரித்துரைத்தல் அரிது. தோழரோடு பழகுவதிற் பிள்ளைகள் தம்மைப் பற்றிக் கொண்ட மதிப்பு உடற்பயிற்சிக் கூறினரிடம் அதிகமாக இருந்தது என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. முதல் ஆய்வில் தமக்குச் சாதகமான முடிவு கண்டவரே, பின்னர் அதனிலும் மங்கலான முடிவைக் கண்டபோது அதனையும் அச்சேற்றினார். இந்நேர்மையை நான் மிக மதிக்கின்றேன்.

மற்றும் இரு செய்திகள். 2009இல் அமெரிக்காவின் இலினொய்ஸ் பல்கலைக்கழகத்தார், ஒன்பது வயதளவான 20 சிறுவரை 20 நிமிடம் நடக்கவிட்டுச் சோதித்தபோது, கவனமும் வாசித்து விளங்குந் திறனும் உயர்ந்தன என்றனர். வெறும் நடைதான், ஆசனமன்று. மற்றையது, யோகத்தின் உறவினதாகிய மனக்குவிப்புத் தியானம் பற்றியது. இங்கிலாந்து முதலிய பகுதிகளில் 85 பாடசாலைகளைச் சேர்ந்த 8,000க்கு மேற்பட்ட, 11 முதல் 13 வயதுவரையான மாணவரிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. அது சிந்தனைத் திறனையன்றி முக்கியமாக மனநலத்தையே அளந்தது. வழமையான பாடத்தைப் பெற்றோரிலும் தியானப் பாடம் பெற்றோர் மேம்பட்டனர் என்று கூற இயலவில்லை. மாணவர் பலர் வீட்டில் அதனைப் பயிலவேயில்லை. ஆசிரியரின் சோர்வுதான் சில காலம் குறைந்ததாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சற்றே ஆறுதலும் வந்தது.

அறிவைப் பற்றிய வழக்கு இவ்வாறு நடக்க, நீதிமன்றங்களில் நடந்த வழக்கோ வேறு. மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்ற சிறுவருள் ஒருவர் பட்டாபி ஜோய்ஸ். இவர் பெயரால் அமைந்த அறநிலையம் ஒன்றின் பணவுதவியோடு, கலிபோர்னியாவில் என்சினிற்றாஸ் என்ற ஊரின் ஆரம்பப் பாடசாலைகளில் யோகம் கற்பிக்கப்பட்டது. இது சமயப் போதனை என்று பெற்றார் இருவர் வழக்குத் தொடுத்தனர். 2013இல் நீதிபதி அதனைத் தள்ளினார். 2015இல் மேன்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அதற்குள் அங்கே சமஸ்கிருதப் பெயர்கள் நீங்கின. பத்மாசனத்துக்குப் பாலர் வகுப்பு விளையாட்டுப் பெயரொன்று சூட்டப்பட்டது. அலபாமா மாநிலமோ 1993இலே பள்ளிகளில் யோகத்தைத் தடைசெய்து, 2021இலேதான் தடையை நீக்கியது. நீக்கியபோதும் மந்திரமும் வணக்கச் சொல்லும் கூடாது, ஆசனப் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில், ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை யோகத்தைக் கட்டாயமாக்கும்படி கேட்டோரின் மனுவை உச்சநீதிமன்றம் 2017இல் ஏற்கவில்லை. பள்ளியில் எதைக் கற்பிப்பது என்று தீர்மானித்தல் நீதிமன்றத்தின் வேலையன்று என்றது. பல சமயத்துப் பிள்ளைகள் ஒரே விறாந்தையில் இருக்கும் நமது பாடசாலைகளுக்கும் இது சிந்திக்கத்தக்கது. விரும்பாத பிள்ளை விலகி நிற்கவும், விலகியதால் வெட்கப்படாதிருக்கவும் வழி வேண்டும்.

என் கருத்தைக் கேட்பின், கவனம் வேறு, சிந்தனை வேறு என்பேன். அசையாது கண்மூடி இருக்கும் பிள்ளை சிந்தித்துக்கொண்டுதான் இருக்கின்றது என்பதற்கு உறுதியில்லை. சிந்திப்பதற்கு ஒரு பொருள் வேண்டும். ஏன் என்று கேட்கும் ஆசிரியர் வேண்டும். பிழையான விடையைச் சொல்லவும் இடம் வேண்டும். மனனம் செய்த கட்டுரையைப் பரீட்சைத் தாளில் இறக்கிவைக்கும் பழக்கத்தை மாற்றாமல், மூச்சுப் பயிற்சியால் அறிவு வளர்க்க முயல்வது, கிணற்றைத் தூர் வாராமல் வாளியைத் துலக்குவது போலாகும்.

அவ்வாறெனின் யோகம் வேண்டாவா? வேண்டும். நம் பிள்ளைகள் காலையில் ஏழரைக்குப் பாடசாலையிலும், பின்பு பிரத்தியேக வகுப்பிலும், இரவு கைத்தொலைபேசி முன்னும் குனிந்திருக்கின்றனர். முதுகை நிமிர்த்தி ஆழ மூச்செடுக்கும் பத்து நிமிடம் அவர்களுக்கு நன்மையே செய்யும். அதற்கு ஆய்வுச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. புள்ளி இடப்படாத, முதலாம் இரண்டாம் பிள்ளை என்று நிரைப்படுத்தப்படாத வேளை நேரசூசியில் ஒன்றாவது இருக்கட்டும். ஆனால் இந்தியாவில் 2020இல் யோகாசனம் போட்டி விளையாட்டாக அரச அங்கீகாரம் பெற்றுவிட்டது. இங்கும் மூட்டு இளகிய பிள்ளைக்குப் பதக்கமும், இயலாத பிள்ளைக்கு ஏளனமும் வந்துசேர நெடுநாள் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. ஆசனம் வெறும் வயிற்றிற் செய்ய வேண்டியது என்பர். வெறும் வயிறு வேறு, பசித்த வயிறு வேறு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, காலையுணவின்றி வந்த பிள்ளைகள் காலைக்கூட்டத்தில் நிற்கமாட்டாது சோர்ந்து விழுந்ததை இந்நாட்டு ஆசிரியர் பலர் கண்டனர். அத்தகைய பிள்ளையை மூச்சை அடக்கு என்று சொல்ல எந்த ஆசிரியருக்கு மனம் வரும்? அப்பிள்ளையின் கவனக் குறைவுக்கு மருந்து சோறும் பருப்பும்.

கிருஷ்ணமாச்சாரியாரின் பிற்காலம் இங்கே நினைவுக்கு வருகின்றது. அரசர் ஆதரவு ஒழிந்து, யோகசாலையும் மூடப்பட்டபின், 1950களில் அவர் சென்னையிற் குடியேறினார். அங்கே கூட்டமாக அன்றி, வந்தவரை ஒருவர் ஒருவராகவே கற்பித்தார். வயதையும் உடல்நிலையையும் மூச்சின் போக்கையும் பார்த்து ஒருவருக்கு ஒன்றும், மற்றவருக்கு வேறொன்றும் கொடுத்தார். அரண்மனையிற் சிறுவரைப் பாயச் செய்தவர், முதியவருக்கும் நோயாளிக்கும் கதிரையில் இருந்தே செய்யக்கூடியதைக் கொடுத்தார். நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலையில் நம்மால் அது முழுவதும் இயலாது. இயன்றது, வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு இளைப்பு நோய் உண்டு, எந்தப் பிள்ளை காலையில் உண்ணாது வந்தது என்பதைக் கேட்டறிந்த பின்னர் பாயை விரிக்கச் சொல்வது.